வெட்டுப்பட்ட வரிகள்: ஒரு டீமும் அதன் ஏழு மாதப் பதிவுகளும்

பழைய தரவைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தரும் எங்கள் டீமில், மாற்றியது சரிதானா என்று சோதிக்கும் டெஸ்டர் ஒருவர் லிங்க்ட்இனில் போடுவதற்காக எழுதிய வரைவில் இப்படி ஒரு பத்தி இருந்தது:

"பிழைப் பட்டியலை மேலிருந்து கீழ்வரை பார்த்தேன். அதிலிருந்த தேதிகள் எல்லாமே 13-க்கும் 31-க்கும் நடுவில் இருந்தன. 1 முதல் 12 வரை உள்ள தேதி ஒன்றுகூடப் பிழையாக வரவில்லை. நாளும் மாதமும் இடம் மாறுகின்றன என்று அப்போதுதான் புரிந்தது. 13-ஆவது மாதம் என்று ஒன்று இல்லாததால் அந்த வரிசைகள் வாசலிலேயே நின்றுவிட்டன. மற்றவை சத்தமில்லாமல் தப்பாக உள்ளே போய்க்கொண்டிருந்தன."

மூன்று பேரின் ஒப்புதலைத் தாண்டி அது வெளியே வந்தபோது இப்படி இருந்தது:

"சின்ன விஷயங்களைக் கவனிப்பவர்களே பெரிய வெற்றியைத் தொடுகிறார்கள். இந்தப் பயணத்தில் நான் கற்ற மூன்று பாடங்கள்."

மூன்று பாடங்களும் யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கக்கூடியவை. பிழைப் பட்டியலும் இல்லை, 13-உம் இல்லை. அவர் என்ன வேலை செய்தார் என்பதே அதில் இல்லை.

இந்த ஆய்வை எழுதும் நான் அந்த டீமின் டெலிவரி மேனேஜர். அந்த இரண்டாவது வடிவத்துக்கு ஒப்புதல் கொடுத்த மூவரில் நானும் ஒருவன். மேலோட்டமாகப் படித்தேன், நன்றாக இருக்கிறது என்று பட்டது, அனுப்பிவிட்டேன். பிறகு வந்த மாதங்களில் இரண்டு முறை எங்கள் தரவு பறிபோனது. அதற்கான வேரைத் தேடிப் போனபோது, நாங்கள் வெளியே எழுதிய விதத்துக்கும் உள்ளே வேலை பார்த்த விதத்துக்கும் நடுவே ஒரு தொடர்பு தெரிந்தது. அதைப் பதிந்து வைப்பதற்காகவே இது. நிறுவனத்தின் பெயரும் ஆட்களின் பெயரும் இங்கே வராது. ஒரே ஒரு டீமில் நடந்தது இது, எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அலுவலகத்தில் வேலை பார்க்கிற பலருக்கும் இதில் பழக்கப்பட்ட ஏதோ ஒன்று தென்படும் என்றே நினைக்கிறேன்.

எப்படித் தொடங்கியது

பதினொரு பேர் கொண்ட டீம். வாடிக்கையாளர் ஒருவரின் பழைய பதிவேடுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றித் தருவதும், மாற்றியபின் அதைப் பராமரிப்பதும் எங்கள் வேலை. வெளியே யாருக்கும் தெரியாத வேலை. சரியாக நடந்தால் எதுவுமே நடக்காதது போல இருக்கும்.

நிர்வாகம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. ஊழியர்கள் ஒவ்வொருவரும் வாரத்துக்கு இரண்டு பதிவு லிங்க்ட்இனில் போட வேண்டும். நிறுவனத்தின் பெயர் வெளியே பரவும், திறமையானவர்கள் தேடி வருவார்கள், ஊழியர்களுக்கும் சொந்தமாக ஓர் அடையாளம் கிடைக்கும் என்றார்கள். நோக்கத்தில் தப்பு எதுவும் இல்லை. அப்புறம் ஒரு டாஷ்போர்டு வந்தது. யார் எத்தனை பதிவு போட்டார்கள், எத்தனை லைக், எத்தனை கமெண்ட் என்று பெயர்வாரியாக வரிசைப்படுத்தி ஒவ்வொரு திங்கள்கிழமையும் மெயில் வரும். காலாண்டு அப்ரைசல் படிவத்தில் 'வெளியுலகில் தெரிதல்' என்று ஒரு வரி சேர்ந்தது. அந்த வரிக்கு எவ்வளவு மதிப்பெண் என்று யாரும் சொல்லவில்லை. சொல்லாததால் எல்லோரும் அதை நிறைய என்று எடுத்துக்கொண்டார்கள்.

முதல் மூன்று வாரம் வந்த வரைவுகளை மறுபடி எடுத்துப் படித்தேன். அவை அவ்வளவு நன்றாக இருந்தன என்பது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒருவர் தான் எழுதிய ஒரு கட்டளை ஏன் நள்ளிரவில் மட்டும் மெதுவாக ஓடுகிறது என்று தேடிய கதையை எழுதியிருந்தார். இன்னொருவர், வாடிக்கையாளரின் குமாஸ்தா ஒருவர் பெயர்ப் பெட்டியில் ஆளின் பெயருக்குப் பக்கத்திலேயே போன் நம்பரையும் தட்டிவைக்கிற பழக்கத்தைச் சொல்லி, அதற்குக் காரணம் பழைய திரையில் போனுக்கு இடமே இல்லாததுதான் என்று கண்டுபிடித்ததை எழுதியிருந்தார். அந்த வரைவுகளில் ஒன்று மாதிரி இன்னொன்று இல்லை.

இவற்றில் ஒன்றுகூட அப்படியே வெளியே போகவில்லை.

அச்சு எங்கே வார்க்கப்படுகிறது

சமூக ஊடகத்தில் எல்லோரும் ஒரே மாதிரி எழுதுகிறார்கள் என்று எல்லோரும் சலித்துக்கொள்கிறோம். வேலையிழந்த நாளே வாழ்க்கையின் சிறந்த நாளாக மாறிய கதை, நேர்காணலுக்குத் தாமதமாக வந்தவரையே தேர்ந்தெடுத்த கதை, மேலாளர் கேட்ட ஒரே கேள்வி மொத்தப் பார்வையையும் மாற்றிய கதை. எழுதுகிறவர்களுக்குக் கற்பனை வறண்டுவிட்டது, ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதுகிறார்கள் என்று நானும் நம்பியிருந்தேன். எங்கள் வரைவுகளையும் வெளிவந்த வடிவங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது காரணம் வேறாகத் தெரிந்தது.

ஒருவருடைய வேலையை அடுத்தவருடைய வேலையிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் விவரம்தான். எந்த வாடிக்கையாளர், எந்த அட்டவணை, என்ன தப்பு, யார் செய்தது, எப்படிப் பிடிபட்டது. அலுவலகம் வெளியே விடக்கூடாது என்று நினைப்பதும் அதே விவரத்தைத்தான். வாடிக்கையாளர் பெயர் ரகசியம். அட்டவணை அமைப்பு ரகசியம். தப்பு நடந்தது தெரிந்தால் அடுத்த ஒப்பந்தம் பாதிக்கும். யார் செய்தது என்று எழுதினால் ஹெச்.ஆர். விஷயமாகிவிடும். இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது விடாமுயற்சி, குழு மனப்பான்மை, கற்றல், நன்றி. எந்தத் தொழிலில், எந்த அலுவலகத்தில் இருப்பவர் எழுதினாலும் கழித்தபின் மிச்சம் இதே நான்குதான். ஆயிரம் பேரின் ஆயிரம் வேலைகள் இந்தச் சல்லடை வழியாகப் போய் ஒரே மாவாக வெளியே விழுகின்றன.

கம்யூனிகேஷன் பிரிவில் வரைவுகளைத் திருத்தியவரிடம் பிறகு இதைக் கேட்டேன். அவர் மேல் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. அன்றைக்கு அவர் சொன்ன பதில்தான் இந்த ஆய்வு முழுவதற்கும் எனக்கு வழி காட்டியது.

"வெட்டுங்கன்னு சொல்ல என்கிட்ட பத்து விதி இருக்கு சார். இதை விடலாம்னு சொல்ல ஒரு விதிகூட இல்லை. நான் விட்டு, நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா யார் சார் பொறுப்பு?"

ஒருவர் ஒவ்வொரு வரைவிலும் சந்தேகப்பட்டதையெல்லாம் வெட்டினால் அவருக்கு எந்த நாளும் பிரச்சினை வராது. வெட்டியது வீண் என்று அவரிடம் கேட்பவர் யாரும் இல்லை.

லிங்க்ட்இன் தளத்துக்கும் இதில் பங்கு உண்டு. 2003-இல் அது தொடங்கியபோது சுயவிவரம் வைக்கிற இடம், தொடர்புகளைச் சேர்த்துக்கொள்கிற இடம், அவ்வளவுதான். 2012-இல் தேர்ந்தெடுத்த சில பிரபலங்களை அங்கே எழுத வைத்தார்கள். 2014-இல் தொடங்கி அந்த வசதியைப் படிப்படியாக மற்ற உறுப்பினர்களுக்கும் திறந்துவிட்டார்கள். இன்றைக்கு ஒரு பதிவில் 3000 எழுத்துவரை எழுதலாம். ஆனால் படிப்பவர் கண்ணில் முதலில் படுவது இரண்டு மூன்று வரிதான், மீதியைப் பார்க்க விரல் தட்ட வேண்டும். அப்படியானால் அந்த முதல் வரியில் அதிர்ச்சி வேண்டும். 'நேற்று என் வேலையை ராஜினாமா செய்தேன்' என்று தொடங்கி, தட்டினால் 'பத்து வருடத்துக்கு முன்' என்று விரிய வேண்டும். 2020-இல், படிப்பவர் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நிற்கிறார் என்பதையும் கணக்கில் எடுப்பதாக அந்தத் தளமே சொன்னது. ஆளை நிற்க வைக்க வேண்டுமானால் ஒரு வரி, ஒரு இடைவெளி, ஒரு வரி என்று எழுதுவது கைகொடுக்கும் என்பது எழுதுகிறவர்களின் கணக்கு. லைக்கையும் கமெண்டையும் கெஞ்சி வாங்கும் பதிவுகளை அதிகம் பரப்பப் போவதில்லை என்று 2022-இல் அவர்களே அறிவித்தார்கள். அதன் பிறகும் அந்த நடை போகவில்லை. அது பலருடைய கைப்பழக்கமாகிவிட்டிருந்தது. அதே ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. அந்த அச்சில் வார்த்துத் தர அதற்கு ஒரு நிமிடம்கூடத் தேவைப்படவில்லை.

எங்கள் டீமில் நான்காவது வாரத்திலிருந்து யாரும் வரைவில் விவரமே எழுதவில்லை. எப்படியும் வெட்டப்போகிறார்கள், எதற்கு எழுத வேண்டும்? டெஸ்டர் மட்டும் எழுதுவதையே நிறுத்திவிட்டார். டாஷ்போர்டில் கடைசிப் பெயர் அவருடையது. திங்கள்கிழமை மெயிலில் அந்தப் பெயர் சிவப்பில் வரும்.

முதல் இரவு

மூன்றாவது மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரவு பெரிய மாற்றம் ஒன்று வைத்திருந்தோம். பாதியில் நின்றுபோனது. இதற்கென்று ஒரு வழக்கம் உண்டு. கடைசி பேக்கப்பை, அதாவது தரவின் காப்புப் பிரதியை, எடுத்து ஏற்றி, பழைய நிலைக்குத் திரும்பிவிட்டு, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம். பேக்கப் ஃபைலைத் திறந்தால் அதில் தரவு பாதிதான் இருந்தது. அதற்கு முந்தைய நாள் ஃபைலும் அப்படியே, அதற்கு முந்தையதும் அப்படியே.

இருபத்து மூன்று வயதுப் பையன் ஒருவர் எங்கள் டீமில் இருந்தார். வியாழக்கிழமை தன் சோதனைக்காக டேட்டாபேஸை முழுசாக ஒரு பிரதி எடுத்து வைத்திருந்தார். யாரும் கேட்டு எடுத்ததல்ல. அதை அடிப்படையாக வைத்து, நடுவில் இருந்த இரண்டு நாள் பதிவுகளை மற்ற இடங்களில் இருந்த லாகுகளிலிருந்து (அமைப்பு தானாகக் குறித்துவைக்கும் நடப்புக் குறிப்புகளிலிருந்து) தேடி எடுத்துக் கோத்தோம். பதினேழு மணி நேரம். ஞாயிறு மதியம் எல்லாம் சரியானது.

அந்த ஞாயிறு மதியம் சிவந்த கண்களோடு எல்லோரும் நின்று ஒரு போட்டோ எடுத்தோம். மாலைக்குள் அது பதிவாகிவிட்டது. தோல்வி எங்களை உடைக்கவில்லை, ஒன்றாக்கியது என்று தொடங்கும். நான்தான் எழுதினேன். அந்தச் சோர்வில், அந்த நிம்மதியில் எழுதிய ஒவ்வொரு வார்த்தையும் எனக்கு உண்மையாகவே பட்டது. அந்தத் திட்டம் ஓடிய ஏழு மாதத்திலும் அதிக லைக் வாங்கிய பதிவு அதுதான். நிர்வாக இயக்குநரே கமெண்டில் வந்து வாழ்த்தினார்.

செவ்வாய்க்கிழமை இன்சிடென்ட் ரிப்போர்ட்டுக்காகக் கூடினோம். அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் மனது கனக்கிறது. ஸ்கிரீனில் ரிப்போர்ட்டின் முதல் பக்கம். 'காரணம்' என்ற பெட்டி காலியாக இருந்தது. அதற்குள் வெளியுலகம் முழுவதற்கும் அது ஒரு வெற்றிக் கதையாகிவிட்டிருந்தது. மேலிடம் பாராட்டிய ஒன்றைப் பற்றி, பேக்கப் பல வாரமாக வேலையே செய்யவில்லை, யாரும் பார்க்கவில்லை என்று எழுத யாருக்கும் கை வரவில்லை. டெஸ்டர்தான் பேசினார்.

"ஒரு நிமிஷம் சார். டேட்டா தினமும் கூடுது. பேக்கப் ஃபைல் சைஸ் மட்டும் மூணு வாரமா கூடவே இல்லை. அது ஏன்னு பார்த்துட்டு இதை முடிக்கலாமா?"

"அதைத் தனியா பேசிக்கலாம் மேடம்" என்றேன். நேரமாகிக்கொண்டிருந்தது. காரணம் என்ற பெட்டியில் 'எதிர்பாராத தொழில்நுட்பக் கோளாறு' என்று போட்டோம். நடவடிக்கை என்ற பெட்டியில் 'குழுவினரிடையே தகவல் தொடர்பை மேம்படுத்துதல்'. இரண்டுமே எங்கள் பதிவுகளின் மொழி. அது அலுவலகத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டதை அன்றைக்கு நான் கவனிக்கவில்லை.

தனியாகப் பேசவேயில்லை.

இரண்டாவது இரவு

ஒன்பது வாரம் கழித்து இன்னொரு அட்டவணை போனது. பேக்கப் மறுபடி பாதிதான் இருந்தது. இந்த முறை யாரும் தற்செயலாகப் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. இரண்டு நாள் பதிவுகள் திரும்பி வரவே இல்லை. வாடிக்கையாளரின் அலுவலகத்தில் இருப்பவர்கள் தங்கள் காகிதங்களை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் திரும்பத் தட்டினார்கள். அதில் ஒருவர் என்னிடம் போனில் கேட்டார், "சார், போன தடவையும் இதே மாதிரிதானே ஆச்சு? அப்போ என்ன சரி பண்ணீங்க?" என்னிடம் பதில் இல்லை.

காரணம் கண்டுபிடிக்க டெஸ்டருக்கு அரை நாள் ஆனது. பேக்கப் எடுக்கும் கட்டளையும், அதைச் சுருக்கி வைக்கும் கட்டளையும் ஒன்றன் வாயில் ஒன்றாகக் கோத்து எழுதப்பட்டிருந்தன. அப்படிக் கோத்தால், வேறு ஏற்பாடு செய்யாதவரை, கடைசிக் கட்டளை சொல்லும் முடிவுதான் மொத்தத்துக்கும் முடிவு. யாரோ பாதுகாப்புக்காக ஓர் அமைப்பை மாற்றியதில், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் எந்த இணைப்பும் தானாகத் துண்டிக்கப்பட்டுக்கொண்டிருந்தது. முதல் கட்டளை இரண்டு மணி நேரத்தில் அறுந்துவிடும். இரண்டாவது கட்டளை கைக்கு வந்த பாதியைச் சுருக்கி வைத்துவிட்டு 'வெற்றி' என்று சொல்லும். பேக்கப்பைக் கண்காணிக்கும் திரையில் பச்சை விளக்கு. ஃபைல் சைஸ் ஏறாமல் நின்றதற்கு அர்த்தம் அதுதான். ஒன்பது வாரத்துக்கு முன் அவர் கேட்ட கேள்விக்கு அன்றைக்கே உட்கார்ந்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும்.

வெளியே சொல்வது தப்பில்லை

இதைப் படித்துவிட்டு, வேலையைப் பற்றி வெளியே எழுதவே கூடாது என்று யாராவது முடிவு கட்டினால் வருத்தப்படுவேன். மென்பொருள் எழுதுபவர்களுக்கான தளத்தை நடத்தும் கிட்லேப் என்ற நிறுவனத்தில் 2017 ஜனவரி 31-ஆம் தேதி நடந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். இரவில் களைப்போடு வேலை பார்த்துக்கொண்டிருந்த ஓர் எஞ்சினியர், வேறு சர்வர் என்று நினைத்து உண்மையான டேட்டாபேஸையே அழித்துவிட்டார். தவறு புரிந்து நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய் 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப்புக்கும் பிரதிக்கும் வைத்திருந்த ஐந்து வழிகளில் ஒன்றுகூட நம்பும்படி இல்லை. டேட்டாபேஸ் 9.6 பதிப்பில் ஓடியது, பேக்கப் எடுக்கும் கருவி 9.2 பதிப்பு. அதனால் பேக்கப் ஓடவே இல்லை. அதை எச்சரிக்கும் மெயில்கள் வழியிலேயே நிராகரிக்கப்பட்டு யார் கைக்கும் போய்ச் சேரவில்லை. கடைசியில் கைகொடுத்தது, சுமார் 6 மணி நேரத்துக்கு முன் அதே எஞ்சினியர் வேறு காரணத்துக்காகத் தானே எடுத்து வைத்திருந்த ஒரு பிரதி.

எங்கள் பையன் எடுத்து வைத்திருந்த வியாழக்கிழமைப் பிரதியும் அதே போன்றதுதான். இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது.

வித்தியாசம் அதன் பிறகு நடந்ததில் இருக்கிறது. அவர்கள் மீட்பு வேலையை யூடியூபில் நேரலையாகக் காட்டினார்கள். நடந்துகொண்டிருக்கும்போதே குறிப்புகளைப் பொதுவில் திறந்து வைத்தார்கள். பிறகு வெளியிட்ட அறிக்கையில் மேலே சொன்ன பதிப்பு எண்கள், நிராகரிக்கப்பட்ட மெயில் உட்பட எல்லாம் இருந்தன. அழித்தவரின் பெயரைப் போட்டு அவமானப்படுத்தவில்லை. அதைப் படித்துவிட்டு உலகம் முழுக்க எத்தனையோ பேர் அன்றைக்கே போய்த் தங்கள் பேக்கப்பைத் திறந்து பார்த்திருப்பார்கள். எங்கள் போட்டோவைப் பார்த்து யாரும் எதையும் திறந்து பார்த்திருக்க வாய்ப்பில்லை. அதில் விவரம் எதுவுமே இல்லை.

சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1950-களில், மனிதர்கள் அன்றாட வாழ்க்கையில் மேடையில் ஒரு விதமாகவும் திரைக்குப் பின்னால் வேறு விதமாகவும் நடந்துகொள்வதைப் பற்றி எழுதினார். திரைக்குப் பின்னால் ஓர் இடம் இருப்பதால்தான் மேடையில் நிற்க முடிகிறது. வேடத்தைக் கழற்றி வைக்க, தப்பைச் சொல்ல, அடுத்த காட்சிக்குத் தயாராக அந்த இடம் வேண்டும். எங்களுக்கு நேர்ந்தது அந்த இடம் போனதுதான். டீமுக்குள் பேசுவதும் நாளைக்குப் பதிவாகலாம் என்ற நிலையில், உள்ளே பேசும்போதே வெளியே பேசுவது போலப் பேச ஆரம்பித்துவிட்டோம்.

விமானத்துறை இதை வேறு விதமாகக் கையாண்டது. அமெரிக்காவில் 1976 முதல் விமானிகள் தாங்கள் செய்த தவறையும் கண்ட தவறையும் நாசாவிடம் ரகசியமாக எழுதித் தரலாம். ஒழுங்குபடுத்தும் அமைப்பிடம் நேரே சொல்ல அஞ்சுவார்கள் என்பதால்தான் நடுவில் நாசா. பெயரை நீக்கிவிட்டு விவரத்தை வைத்துக்கொள்கிறார்கள். எங்கள் அலுவலகம் இதைத் தலைகீழாகச் செய்துகொண்டிருந்தது. விவரத்தை நீக்கிவிட்டுப் பெயரையும் போட்டோவையும் வைத்துக்கொண்டோம்.

குழுக்கள் வேலை செய்யும் விதத்தை ஆராயும் ஏமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் வரும் தவறுகளை ஆராய்ந்தபோது, நன்றாக நடக்கும் குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. அவர்கள் அதிகம் தவறு செய்யவில்லை, பயமில்லாமல் சொன்னார்கள் என்பதே அவர் கண்ட விளக்கம். செவ்வாய்க்கிழமை அறையில் ஒருவர் சொன்னார். நான் கேட்கவில்லை.

வேலை தேடிப் போன பையன்

வியாழக்கிழமைப் பிரதியை எடுத்து வைத்திருந்தவர் ஆறாவது மாதத்தில் வேறொரு இடத்துக்கு நேர்காணலுக்குப் போனார். டாஷ்போர்டில் முதல் மூன்று பெயர்களுக்குள் எப்போதும் இருப்பவர். அந்தப் பதிவுகளைப் பார்த்துத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். கிடைக்கவில்லை. திரும்பி வந்து என்னிடம் மனம் விட்டுச் சொன்னார்.

"அந்த நைட் என்ன ஆச்சுன்னு கேட்டாங்க சார். போஸ்ட்ல இருந்ததைச் சொன்னேன். சரி, பேக்கப் ஏன் பாதியில நின்னுச்சுன்னு கேட்டாங்க. அப்போ எனக்குத் தெரியலை. பதினேழு மணி நேரம் அங்கேதான் இருந்தேன். ஆனா ஞாபகத்துல போஸ்ட்தான் சார் இருக்கு."

இந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்ப வந்து நிற்பது இந்த இடத்தில்தான். ஒரே கூற்றைத் திரும்பக் கேட்டால் அது உண்மை என்று படத் தொடங்கும் என்பதை ஆய்வாளர்கள் 1977-லேயே காட்டியிருக்கிறார்கள். நம் கதையை நாமே திரும்பத் திரும்பச் சொல்லும்போதும் ஏதோ அப்படி நடக்கிறது என்று நினைக்கிறேன். அவர் அன்றைக்குச் செய்த வேலை சாதாரணமானதல்ல. லாகுகளில் நேர முத்திரைகளை ஒப்பிட்டு, ஒரே பதிவு இரண்டு முறை ஏறிவிடாதபடி வரிசையாக நுழைத்தது அவர்தான். நேர்காணலில் அதைச் சொல்லியிருந்தால் போதும். அது அவர் கையில் இருந்தது, 'ஒன்றாக நின்றோம்' என்ற வரி வந்து அதை மூடிவிட்டது. ஒருவர் பத்து வருடம் வேலை பார்த்துச் சேர்ப்பது இந்த மாதிரி விவரங்களைத்தான். அடுத்த வேலைக்குக் கூடவே எடுத்துப் போகக்கூடியது அது ஒன்றுதான்.

பிறகு செய்தவை

ஏழாவது மாதம் அந்தத் திட்டத்தை எங்கள் டீமில் நிறுத்தும்படி எழுதிக் கேட்டேன். இரண்டாவது இழப்பின் முழு அறிக்கையையும் இணைத்திருந்ததால் மறுக்கவில்லை. அப்ரைசல் படிவத்திலிருந்து அந்த வரி போனது. திங்கள்கிழமை மெயில் நின்றது. எழுத விரும்புகிறவர்கள் எழுதலாம், கணக்கு யாரும் வைப்பதில்லை.

ஓர் அசம்பாவிதத்தைப் பற்றிய உள் அறிக்கை முடியும்வரை அதைப் பற்றி வெளியே ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று முடிவு செய்தோம். போட்டோகூட இல்லை. அது கொஞ்சம் கடுமை என்று சிலருக்குத் தோன்றியது. எனக்கு இன்னும் அது சரி என்றே படுகிறது.

உள்ளே ஒரு பக்கம் திறந்தோம். அதில் லைக் இல்லை. யார் என்ன கண்டார்கள், எப்படிக் கண்டார்கள் என்று எழுதலாம். ஒரு குறிப்பு ஏறிய முதல் இரண்டு நாள் மேனேஜர்கள் யாரும் அதில் கருத்து எழுதக் கூடாது, என்னையும் சேர்த்து. அதில் முதலில் ஏறியது டெஸ்டரின் பழைய வரைவு, 13-ஆம் தேதி பற்றியது, வெட்டுப்படாத வடிவத்தில். ஒரு வாரத்தில் வேறு இரண்டு பேர் தங்கள் வேலையில் அதே மாதிரி இடம் மாறிய தேதிகளைக் கண்டுபிடித்து அதன் கீழே எழுதினார்கள்.

கம்யூனிகேஷன் பிரிவில் இருந்தவரோடு உட்கார்ந்து ஒரு மதியம் முழுக்கப் பேசினோம். எது உண்மையில் ரகசியம்? வாடிக்கையாளர் யார் என்பது, அவர்கள் தரவின் அளவு, நாள். ஒரு பிழை எப்படி இயங்குகிறது என்பது யாருடைய ரகசியமும் இல்லை. 'விடலாம்' என்று சொல்லும் ஒரு பக்க விதியை அவரே எழுதினார். அதன் பிறகு வெளியே போன பதிவுகள் குறைவு. மாதத்துக்கு ஒன்றுகூட வராத காலமும் உண்டு. லைக்கும் குறைவுதான். ஆனால் கோத்து எழுதிய கட்டளையைப் பற்றிய பதிவுக்குக் கீழே, முகம் தெரியாத ஒருவர் தன் இடத்திலும் அப்படித்தான் இருந்தது, இப்போதுதான் பார்த்துச் சரி செய்தேன் என்று எழுதியிருந்தார்.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். பக்கத்து டீம்களில் அந்தத் திட்டம் இன்னும் ஓடுகிறது. டெஸ்டர் கூட்டங்களில் முன்பு போல உடனே வாய் திறப்பதில்லை. ஒருமுறை தள்ளி வைக்கப்பட்டவர் திரும்ப நம்புவதற்கு நாளாகும், அந்தக் காத்திருப்பை நான்தான் காத்திருக்க வேண்டும். மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை சார், அடுத்த தடவை அங்கேயே கேளுங்க" என்றார்.

வாரத்துக்கு ஒருமுறை யாராவது ஒருவர் பேக்கப்பைத் தனியாக ஒரு சர்வரில் முழுசாக ஏற்றிப் பார்த்து அந்த உள் பக்கத்தில் எழுத வேண்டும் என்பது இப்போது வழக்கம். போன வாரம் டெஸ்டருடைய முறை. அவர் எழுதியிருந்தது இவ்வளவுதான்: "மீட்டுப் பார்த்தேன். 3 மணி 40 நிமிடம் ஆனது. போன வாரத்தைவிட 10 நிமிடம் அதிகம், தரவு கூடியதால் இருக்கலாம், அடுத்த வாரமும் பார்க்கிறேன். எல்லா அட்டவணையிலும் வரிசை எண்ணிக்கை ஒத்துப்போகிறது. ஒன்றில் மட்டும் இரண்டு வரிசை குறைகிறது. ஏன் என்று தெரியவில்லை, தேடிக்கொண்டிருக்கிறேன்."